வருமானம் பார்க்க வேண்டுமா?

கேள்வி: மூத்த குடிமக்களுக்கான அரசுச் சலுகைகளை வருமானம் பார்த்துத்தான் தர வேண்டுமா?

பதில்: வேண்டாம் என்பேன். ஓய்வூதியம் வாங்கும் எனக்கு, சென்னையில் மாதம் 10 இலவச பஸ் டோக்கன்கள் கிடைக்கின்றன. வருமானத்தை யாரும் கேட்பதில்லை. எங்கள் தெருவில் பூக்கட்டும் பாட்டியிடம், 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைக்கு ஆயிரம் கேள்விகள். "மகன் இருக்கிறானே?" என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். அந்த மகன் வாசற்படி மிதித்து ஆறு வருடமாகிறது. நார் இழுத்து வெடித்த விரல்களால் மனுவை நாலாக மடித்து இடுப்பில் செருகியபடி திரும்பி வந்தார். 2024இல் 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமானம் பாராமல் 5 லட்சம் ரூபாய் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டை அறிவித்தார்களே, அதுதான் சரியான வழி. வசதியுள்ளவர்களிடம் வருமான வரியாக வாங்கிக்கொள்ளட்டும். திங்கட்கிழமை பாட்டிக்கு மறுபடியும் மனு எழுதித் தரப்போகிறேன்.