வீட்டில் நீங்கள் பக்கவாத்தியம்

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாகக் கிதார் வாசிக்கிறேன். என் மனைவிக்கு நல்ல குரல். முறையாக இசை கற்றதில்லை. சேர்ந்து இசைக்க வேண்டும் என்று இருவருக்குமே ஆசை. ஆனால் நான் வாசிக்கும் சுருதியில் பல்லவி அவருக்கு அடித்தொண்டைக்குப் போய்விடுகிறது. ஒரு ஸ்தாயி ஏற்றிப் பாடினால் சரணத்தில் கத்த வேண்டியிருக்கிறது. சரி, அவரும் கிதார் கற்கட்டும் என்று மூன்று முறை உட்கார்ந்தோம். மூன்றும் மனத்தாங்கலில் முடிந்தன. நான் பொறுமையாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். பிறந்தநாளுக்கு அவருக்கென்று தனியாக ஒரு கிதார் வாங்கித் தந்தால் ஆர்வம் வருமா?

பதில்: "நான் பொறுமையாகத்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்ற வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். இதே வரியை நானும் சொல்லியிருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிதார் கற்றுத் தருகிறேன். எட்டு வயதுப் பிள்ளைகளும் பணி ஓய்வு பெற்றவர்களும் என்னிடம் படித்திருக்கிறார்கள். என் மனைவிக்கு மட்டும் என்னால் கற்றுத் தர முடியவில்லை. அன்று எஃப் கார்டு: ஆள்காட்டி விரலைத் தந்திகளின் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டிய கடினமான பிடி. அவருடைய ஆள்காட்டி விரல் தந்திகளின் மேல் கொஞ்சம் சரிந்திருந்தது. நான் வாய் திறக்கவில்லை. கையை நீட்டி அந்த விரலைப் பிடித்து நகர்த்தி அழுத்தினேன், அவ்வளவுதான். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கிதாரை உறைக்குள் வைத்து, ஜிப்பை மெதுவாக முழு நீளத்துக்கும் இழுத்து மூடினார். அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

வகுப்பில் மாணவரின் விரலை நகர்த்தினால் அது பாடம். அவர் அதற்காகத்தான் வந்திருக்கிறார். வீட்டில் அதையே செய்தால் "இதுகூட வரவில்லையா" என்றுதான் எதிரில் இருப்பவருக்குக் கேட்கும், நீங்கள் எவ்வளவு மென்மையாகச் செய்தாலும். ஆகவே கற்றுத் தருவதை இன்றோடு நிறுத்துங்கள். அவர் முறையாகக் கற்க விரும்பினால் வேறொரு ஆசிரியரிடம் போகட்டும். அந்த ஆசிரியர் சொன்னதை வீட்டில் நீங்கள் திருத்தவும் வேண்டாம். அதில் கை வைக்காமல் இருப்பது கஷ்டம் என்று தெரியும்.

அப்படியானால் உங்களுக்கு என்ன வேலை? பக்கவாத்தியம். ஒன்பது ஆண்டுகள் வாசித்தவர் பின்னால் வர வேண்டும், புதியவர் முன்னால் நிற்க வேண்டும். இதை இசையாகவே எழுதி வைத்தவர் ஸ்பெயினில் பிறந்த கிதார் கலைஞர் ஃபெர்னாண்டோ சோர் (1778–1839). இரண்டு கிதார்களுக்காக அவர் எழுதிய ஒரு படைப்பில் ஒரு பகுதி மாணவருக்கு, மற்றது ஆசிரியருக்கு. மெல்லிசை மாணவரிடம் இருக்கும். ஆசிரியர் கார்டுகளைத் தாங்கிக்கொண்டு கூடவே வருவார். பிற்காலத்தில் பிரெஞ்சு கிதார் கலைஞர் நப்போலியோன் கோஸ்ட் அதைத் திருத்தி, மெல்லிசையை இருவருக்கும் பங்கிட்டுப் பதிப்பித்தார். இரண்டு தேர்ந்த கலைஞர்கள் மேடையில் வாசிக்க அந்த வடிவம் நன்றாகவே இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு சோரின் மூல வடிவம் போதும்.

இனி சுருதி. உங்கள் இருவருக்கும் நடுவே உள்ள சிக்கலில் பாதி இதுதான். இதில் அவருடைய குறை எதுவும் இல்லை. ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் வசதியான சுருதிகளுக்கு நடுவே பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு அரைச்சுரம் வரை தூரம் இருக்கும். ஆண்கள் பலர் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் (சி, சி ஷார்ப், டி) பாடுவதும் பெண்கள் பலர் ஐந்து, ஐந்தரை, ஆறில் (ஜி, ஜி ஷார்ப், ஏ) பாடுவதும் இதனால்தான். நீங்கள் உங்கள் சுருதியில் வாசித்தால் அவருக்குப் பாடல் பாதாளத்தில் கிடக்கும். ஒரு ஸ்தாயி ஏற்றினால் அது பன்னிரண்டு அரைச்சுரம். தேவைக்கு மேல் ஐந்து முதல் ஏழு வரை அதிகம். கத்தாமல் என்ன செய்வார்?

அவருடைய சுருதியைக் கண்டுபிடிக்க, கிதாரைக் கையில் எடுக்காதீர்கள். எடுத்தால் உங்கள் விரல் பழகிய கார்டுக்குப் போகும். அவர் குரல் அதைப் பின்தொடரும். பாடலின் முதல் வரியையும் கேட்க வேண்டாம். பாட்டில் எந்த வரி மிக உயரத்துக்குப் போகிறதோ அதை அவருக்கு வசதியாக வரும் இடத்தில் பாடச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல், கழுத்து நரம்பு புடைக்காமல் வருகிறதா என்று பாருங்கள். அடுத்து மிகத் தாழ்ந்த வரி. அது காற்றாகப் போய்விட்டால் இன்னும் ஓர் அரைச்சுரம் ஏற்றிப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துவந்த பிறகு, பாடல் கடைசியில் வந்து அமரும் சுரத்தை அவர் "ம்ம்" என்று இழுக்கட்டும். போனில் இருக்கும் டியூனர் செயலி அந்த சுரத்தைக் காட்டிவிடும். அந்தப் பாட்டுக்கு அதுதான் அவர் சுருதி. ஒவ்வொரு பாட்டுக்கும் இதைத் தனியாகச் செய்ய வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

பெண் குரல்களுக்குத் துணையாக வாசிக்க ஜி வடிவக் கார்டுகள் கைகொடுக்கும். கேபோ, அதாவது கிதார் கழுத்தின் ஒரு கட்டத்தில் (ஃபிரெட்) எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி, இல்லாமல் வாசித்தால் ஐந்து கட்டை. கேபோவை முதல் ஃபிரெட்டில் மாட்டினால் ஐந்தரை, இரண்டாவதில் ஆறு, மூன்றாவதில் ஆறரை. விரல் வடிவம் எதுவும் மாறாது. சி வடிவத்தில்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் ஐந்து கட்டைக்கே கேபோ ஏழாவது ஃபிரெட்டுக்குப் போய்விடும். கிதார் பொம்மை வாத்தியம் போல மெலிந்து ஒலிக்கும். கேபோவை ஃபிரெட் கம்பியை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் மாட்டுங்கள். மாட்டியதும் தந்திகள் இழுபட்டுச் சுருதி கொஞ்சம் ஏறிவிடும். மறுபடி டியூனரில் சரிபாருங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பலில் விட்டுவிட்டு, பாடியவர் சுருதி விலகினார் என்று குறை சொன்ன கிதார்க்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இருவருக்கும் பொதுவாக நடுவில் ஒரு சுருதி வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அனுபவத்தில் சொல்கிறேன், அது இருவரையும் சிரமப்படுத்தும் சுருதி. அவர் பாட்டு அவர் சுருதியில், உங்கள் பாட்டு உங்கள் சுருதியில்.

தனியாக வாசித்துப் பழகியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வரிக்கும் வரிக்கும் நடுவே உள்ள இடைவெளியை விழுங்கிவிடுவார்கள். கூடப் பாடுபவருக்கு மூச்சு எடுக்க இடம் இருக்காது. பத்துப் பாட்டுக்கு அவர் வாயைப் பாருங்கள், உங்கள் இடது கையைப் பார்க்க வேண்டாம். ஒன்பது ஆண்டுகளில் அதற்கு வழி தெரிந்திருக்கும். பிக்கைக் கீழே வைத்துவிட்டு, ஒலித்துளைக்கும் கழுத்துக்கும் நடுவே கட்டைவிரல் சதையால் மீட்டுங்கள். கிதார் தணிந்து ஒலிக்கும், குரல் மேலே வரும். அவர் ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டால் நீங்களும் தாண்டுங்கள். சுருதி விலகினால் நிறுத்தாதீர்கள். அவர் வந்து சேர வேண்டிய சுரத்தை ஒருமுறை மட்டும் சற்று அழுத்தமாக மீட்டுங்கள். காது தானே பிடித்துக்கொள்ளும். பாடி முடித்ததும் "இரண்டாவது சரணத்தில் மட்டும்…" என்று ஆரம்பிக்கத் தோன்றும். வேண்டாம்.

அவருக்குக் கிதாரில் கை வைக்கவும் ஆசை இருப்பதாகத் தெரிகிறது. இதற்கு என் மனைவியோடு பிற்பாடு நானே கண்டுகொண்ட ஒரு வழி இருக்கிறது: ஒரே கிதாரை இருவர் வாசிப்பது. கிதார் அவர் மடியில். நீங்கள் இடப்பக்கம் நெருங்கி உட்கார்ந்து கார்டுகளைப் பிடியுங்கள். அவர் வலது கையால் மீட்டட்டும். முதல் இரண்டு நிமிடம் முழங்கைகள் இடித்துக்கொள்ளும், சிரிப்பு வரும். பிறகு ஒன்றைக் கவனிப்பீர்கள். கார்டு எப்போது மாறுகிறது என்பதை அவர் காதால் எதிர்பார்க்கத் தொடங்கியிருப்பார். புதிதாகக் கற்பவரை இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் குழப்புகின்றன. இங்கே ஒரு கையின் பாரம் குறைந்துவிடுகிறது. தாளம் மட்டும் அவர் பொறுப்பு. அவர் வேகம்தான் பாட்டின் வேகம். நீங்கள் கார்டு மாற்றத் தாமதித்தால் அவர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வை உங்களுக்கு நல்லது.

இடது கைக்கு வரும்போது ஆறு தந்தியையும் மறந்துவிடுங்கள். கீழே இருக்கும் மூன்று மெல்லிய தந்திகள் போதும். எதையும் அழுத்தாமல் அந்த மூன்றை மீட்டினால் அதுவே இ மைனர். இரண்டாம் தந்தியில் முதல் ஃபிரெட்டை அழுத்தினால் சி. முதல் தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தினால் ஜி. அதே தந்தியில் முதல் ஃபிரெட் என்றால் ஜி செவன். எல்லாமே ஒற்றை விரல். சி, ஜி செவன் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்துவிடக்கூடிய எளிய பாடல்கள் ஏராளம். அவருடைய சுருதிக்குக் கேபோவை நகர்த்திக்கொண்டால் போதும். எஃப் கார்டை யாராவது முதல் மாதத்தில் கொண்டுவந்தால் அவரிடமிருந்து கிதாரைப் பிடுங்கி வைக்க வேண்டும் என்பது என் கட்சி. நானே செய்த தப்பு என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

உங்கள் கிதார் உங்கள் கைக்கு அமைந்தது, அவருடையதற்கு அல்ல. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். எஃகுத் தந்திக் கிதாரில், தடித்த தந்தியில் இரண்டரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரி. மூன்றைத் தாண்டினால் கிதார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் குறைக்கச் சொல்லுங்கள். எஃகுத் தந்தி என்றால் முதல் தந்தி 0.012 அங்குலத்திலிருந்து 0.010க்கு மாறும் தொகுதியைப் போடுங்கள். கேபோவை மூன்றாவது ஃபிரெட்டில் மாட்டிக் கொடுப்பது இன்னொரு தந்திரம். 650 மில்லிமீட்டர் தந்தி நீளம் உள்ள கிதாரில் முதல் ஃபிரெட்டின் அகலம் சுமார் 36 மில்லிமீட்டர். நான்காவதன் அகலம் சுமார் 31தான். சிறிய கைக்கு அந்த ஐந்து மில்லிமீட்டர் பெரிய விஷயம். விரல் நுனி வலி சில வாரங்கள் இருக்கும், பிறகு தோல் தடித்துவிடும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். வார இறுதியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கொப்புளம்தான் மிச்சம்.

என்றாவது இரண்டு கிதார்களோடு உட்காரும் நாள் வந்தால், இருவரும் ஒரே கார்டை ஒரே இடத்தில் மீட்ட வேண்டாம், கூழாகிவிடும். ஒருவர் கேபோ இல்லாமல் ஜி, சி, டி வாசிக்கட்டும். மற்றவர் ஐந்தாவது ஃபிரெட்டில் கேபோ மாட்டி டி, ஜி, ஏ வடிவங்களைப் பிடித்தால் அதே கார்டுகள் வேறு உயரத்தில் ஒலிக்கும். இரண்டு கிதாரையும் ஒரே டியூனரால் சரிசெய்யுங்கள். இணையத்தில் தேடினால் தம்பதியாக வாசித்துப் புகழ்பெற்ற இடா பிரெஸ்தி, அலெக்சாந்தர் லகோயாவின் பதிவுகள் கிடைக்கும். கேட்டு மகிழுங்கள், அவர்களோடு ஒப்பிட்டுக்கொள்ளாதீர்கள். அவர்கள் இணைவதற்கு முன்பே இருவரும் தேர்ந்த கலைஞர்கள்.

கடைசியாகப் பிறந்தநாள் கிதார். திடீரென்று கையில் கொடுத்து வியப்பில் ஆழ்த்தும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். அவர் கேட்காத கிதார் சுவரில் மாட்டிய வீட்டுப்பாடம் ஆகிவிடும். ஒரே கிதாரில் இருவரும் வாசிக்கும்போது "நகருங்கள், நானே பிடிக்கிறேன்" என்று ஒருநாள் அவர் சொல்வார். அதற்குப் பிறகு கடைக்கு அவரையே அழைத்துப் போங்கள். நைலான் தந்திக் கிதார், எஃகுத் தந்திக் கிதார் இரண்டையும் மடியில் வைத்துப் பார்க்கட்டும். நைலான் விரலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் கழுத்து அகலம்: தலைப்பகுதியில் பொதுவாக 52 மில்லிமீட்டர். எஃகுத் தந்தியில் அது 43 அளவில் இருக்கும். எது அவர் கைக்கு ஒத்துவரும் என்பதை நீங்கள் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. இந்தப் பிறந்தநாளுக்கு ஒரு நல்ல கேபோ வாங்குங்கள், உங்கள் கிதாருக்கு.