எலும்பு சொன்னது எது, கற்பனை எது?

கேள்வி: டைனோசர் தொடர்களில் உண்மையையும் கற்பனையையும் ஒரே குரலில் சொல்லிவிடுகிறார்கள். பார்க்கிற பிள்ளையிடம் எதை நம்பச் சொல்வது?
– வாசகி, காரைக்குடி

பதில்: அளவு, நிறம், நடத்தை மூன்றையும் தனித்தனியே பாருங்கள். அளவில் சலுகையே கிடையாது. 1999இல் பிபிசி தயாரித்த 'வாக்கிங் வித் டைனோசர்ஸ்' தொடர், லியோப்ளூரடான் என்ற கடல் ஊர்வனவை 25 மீட்டர், 150 டன் என்று காட்டியது. இன்றைய கணக்குப்படி அது சுமார் 7 மீட்டர்தான். அரைகுறை எலும்புத் துண்டுகளை வைத்து நீளத்தை இழுத்துவிட்டதால் வந்த வினை. காட்சியின் மிரட்டலில் அந்த எண்ணும் மனதில் ஒட்டிக்கொண்டது, அதுதான் கேடு.

நிறத்தைச் சில சமயம் நம்பலாம். சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற டைனோசரின் வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்ததை, இறகுப் படிவில் எஞ்சிய நிறமித் துகள்களின் வடிவத்தைக் கொண்டு 2010இல் கண்டுபிடித்தார்கள். நடத்தைதான் கற்பனைக்கு உரிய இடம். அங்கும் கொஞ்சம் பிடிமானம் வேண்டும். மங்கோலியாவில் முட்டைகள்மேல் அமர்ந்தபடியே புதைந்துபோன டைனோசர் கிடைத்திருக்கிறது. ஆகவே அடைகாக்கும் காட்சிக்குச் சான்று உண்டு. அதே தாய் குஞ்சுக்காக ஆற்றில் பாய்ந்தால், அது கதாசிரியர் வேலை. அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, "இதை எப்படிக் கண்டுபிடிச்சிருப்பாங்க?" என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

கேள்வி: அறிவியல் கண்காட்சிக்காக எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பொம்மையை நகர்த்தி நகர்த்திப் படம்பிடித்து, ராஜாசாரஸ் என்ற டைனோசர் பற்றி ஒரு நிமிடப் படம் எடுக்கிறார்கள். சுவையும் குறையக்கூடாது, தப்பும் வரக்கூடாது.
– ஆசிரியர், தேவகோட்டை

பதில்: அருமையான தேர்வு. குஜராத்தின் ரஹியோலியில் கிடைத்து, 2003இல் பெயர் பெற்ற நம் நாட்டு விலங்கு. நீளம் சுமார் 6.6 மீட்டர். இருபதில் ஒரு பங்காகச் சுருக்கினால் பொம்மை 33 சென்டிமீட்டர். உள்ளே கட்டுக்கம்பியை முறுக்கி வையுங்கள். வெறும் களிமண் என்றால் கணுக்கால் வெடிக்கும், வால் தொங்கிப்போகும். நொடிக்கு 12 படம் வீதம் ஒரு நிமிடத்துக்கு 720 படம் எடுக்க வேண்டும். கைப்பேசியை அசையாமல் பொருத்தி, வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் படம் மினுக்கும்.

எடை தெரிவது நடையில்தான். நாட்டுக்கோழி நடப்பதைப் படம்பிடித்து, பாதம் எப்படித் தூக்கி மடங்கி ஊன்றுகிறது என்று பாருங்கள். நீளமான கால் மெதுவாகவே வீசும். கால் கோழியுடையதைவிட 9 மடங்கு நீளம் என்றால் ஒவ்வோர் அடிக்கும் 3 மடங்கு நேரம் ஆக வேண்டும். அவசரப்படுத்தினால் பொம்மை பொம்மையாகவே தெரியும். பாதத்தைப் பார்த்துச் செய்யலாம், தொடையை வேண்டாம். கோழிக்குக் கனத்த வால் இல்லாததால் அதன் தொடை கிடையாகவே இருக்கிறது. சிலி நாட்டில் கோழிகளுக்குச் செயற்கை வால் பொருத்தி வளர்த்தபோது தொடை நிமிர்ந்ததாக 2014இல் எழுதினார்கள்.

பின்னணிக்குக் கண்மாய்க்கரை போதும், ஆனால் சீமைக்கருவேல் படச் சட்டத்துக்குள் வரக்கூடாது. புல்? டைனோசர் காலத்தின் பெரும்பகுதியில் புல் இல்லை. பிபிசி குழுவே புல் இல்லாத நிலங்களைத் தேடிப் போனது. ராஜாசாரஸ் காலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த கல்லாகிய சாணத்தில் புல்லின் நுண்துகள்கள் இருந்தது 2005இல் வெளியானது. ஆங்காங்கே இரண்டு கொத்து வைக்கலாம், புல்வெளி வேண்டாம்.

கேள்வி: ராஜாசாரஸ் படத்துக்குச் சிங்கத்தின் கர்ஜனையைச் சேர்க்கலாமா?
– மாணவி, பள்ளத்தூர்

பதில்: வேண்டாம், அது பாலூட்டியின் தொண்டை. டைனோசருக்கு நெருங்கிய உறவு பறவைகளும் முதலைகளும். இரண்டிலும் வாயை மூடியபடி, தொண்டை உப்பி ஒலியெழுப்புபவை உண்டு. கோயில் கோபுரத்துப் புறாவின் குமுறலைப் பதிவு செய்து, கால்பங்கு வேகத்தில் ஓடவிடுங்கள். சுருதி இரண்டு ஸ்தாயி இறங்கி நெஞ்சில் அதிரும். பொம்மையின் வாய் மூடியே இருக்கட்டும். திரையின் ஓரத்தில் 'ஒலி: ஊகம்' என்று மூன்று நொடி காட்டுங்கள்.