நேட்டாலுக்குப் போன இத்தனை முனுசாமிகளில் எங்கள் முனுசாமி யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர் சொன்னது: தாத்தாவின் தாத்தா ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பல் ஏறியவர். பெயர் முனுசாமி, ஊர் வட ஆற்காட்டுப் பக்கம். கப்பல் பட்டியலில் அதே பெயரில் பலர் இருக்கிறார்கள். எது எங்கள் ஆள், அவருக்கு யார் யார் சொந்தம்?

முனுசாமியைத் தேடுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். அவரோடு இருந்தவர்களைத் தேடுங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் டர்பனில் கரையேறியது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத்தில் நேட்டாலுக்குப் போனார்கள், பெரும்பங்கினர் சென்னை வழியாக. இதில் முனுசாமியும் வீராசாமியும் சின்னம்மாவும் எண்ணி மாளாது. ஆனால் முனுசாமி, அவர் சாவைப் பதிந்தவர், பக்கத்துக் கொல்லைக்காரர் என்று மூன்று பெயர் சேர்ந்து வரும் இடம் ஒன்றே ஒன்றாகத்தான் இருக்கும்.

கப்பலில் தொடங்காதீர்கள், சாவில் தொடங்குங்கள். நேட்டாலின் தலைநகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இறந்தவர்களின் சொத்து பற்றி வைத்த கோப்புகளில் 1846 முதல் 1950 வரையிலானவை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் கிடைக்கின்றன. கோப்பின் முதல் தாளே பெரும்பாலும் மரண அறிவிப்புதான்: பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர், மனைவி, பிள்ளைகள், எந்த வீட்டில் உயிர் போனது. எல்லோரும் பிள்ளைகள் பெயரை எழுதிக்கொண்டு மூடிவிடுகிறார்கள். கீழே கையெழுத்தோ கைநாட்டோ வைத்தவர் யார், என்ன உறவென்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உறவு இல்லாத ஒருவர் அங்கே நிற்கிறார் என்றால் காரணம் இல்லாமல் நிற்கமாட்டார். அந்தப் பெயரையும் பிள்ளைகள் பெயருக்குச் சமமாக எழுதி வையுங்கள்.

அடுத்து வேண்டியது காலனி எண். ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் நேட்டால் அரசு ஓர் எண் கொடுத்தது. ஒப்பந்தக் கூலிகளைக் கவனிக்க நேட்டாலில் இருந்த அதிகாரியான இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகத்துத் தாள்களில், முக்கியமாகத் திருமணப் பதிவுகளில், பெயரோடு எண்ணும் வரும். பெயர் பத்து விதமாக மாறும், எண் மாறாது. தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் பெயரைப் போட்டால் கோப்பின் தலைப்பும் இருப்பிட எண்ணும் மட்டுமே தெரியும். உள்ளே இருப்பதைக் காப்பகத்தில்தான் பார்க்க வேண்டும்.

எண் கிடைத்தபின் கப்பல் பட்டியலுக்கு வாருங்கள். ஒரு வரியில் இருப்பவை: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடல் அடையாளம் (வலது கன்னத்தில் தழும்பு என்பது போல), எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார். சென்னைப் பக்கத்து ஆட்களுக்குத் தாணா என்ற இடத்தில் பெரும்பாலும் தாலுகா பெயர் இருக்கும். அவர் வரியோடு நிறுத்தாமல், முன்னே 25, பின்னே 25 எண்களையும் முழுசாக எக்செல் தாளில் ஏற்றுங்கள். குடும்பங்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில்தான் வரும். பிறகு அந்த ஐம்பது பேரையும் இரண்டு முறை வடிகட்டுங்கள்: ஒரே தாலுகாவும் கிராமமும் உள்ளவர்கள் யார், ஒரே முதலாளியிடம் போனவர்கள் யார். இரண்டிலும் தேறுகிறவர்கள்தான் உங்கள் ஆளின் கூட்டம். மரண அறிவிப்பில் கைநாட்டு வைத்தவர் இந்தக் கூட்டத்தில் இருந்தால், சரியான முனுசாமியைப் பிடித்துவிட்டீர்கள் என்று துணிந்து சொல்லலாம்.

அடுத்த எண் என்றாலே ரத்த உறவு என்று எழுதிவிடாதீர்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண் இருக்க வேண்டும் என்ற விதியால், கப்பலுக்கு முன் ஆட்களைத் தங்கவைத்த சென்னை டிப்போவில் காத்திருந்த நாட்களிலேயே சேர்ந்துகொண்ட தம்பதிகள் உண்டு. கணவன் போளூர், மனைவி தஞ்சாவூர் ஜில்லா என்று இருந்தால் அப்படிப்பட்ட ஜோடியாக இருக்க வாய்ப்பு அதிகம். மனைவியின் வரியில் உள்ள ஊர் அவள் பிறந்த வீட்டைத் தேட உதவும், கணவனின் ஊரைத் தேட உதவாது.

அதிகம் பேர் வழுக்கி விழுவது முறைப்பெயரில்தான். வீட்டில் "அவர் எங்க தாத்தாவுக்குச் சித்தப்பா" என்று நாலு தலைமுறையாகச் சொல்லியிருப்பார்கள். கூடக் கப்பலில் வந்தவரையும், ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) குடியிருந்தவரையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சோதிக்க ஒரு வழி இருக்கிறது: பெண் கொடுத்து எடுத்த கணக்கைப் பாருங்கள். பெரியப்பா, சித்தப்பா என்றால் பங்காளி, அந்த வீட்டில் பெண் எடுக்க முடியாது. அந்த வீட்டிலிருந்தே மருமகள் வந்திருந்தால் சித்தப்பா என்பது வாய்வார்த்தைதான். மாமா என்று அழைத்த வீட்டோடு இரண்டு தலைமுறையாகக் கொள்வினை கொடுப்பினை இருந்தால், அந்த மாமாவின் தகப்பன் பெயரையும் ஊரையும் கப்பல் பட்டியலில் ஒப்பிடுங்கள்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் கை கொடுக்கும். பட்டியலில் தகப்பன் பெயர் அருணாசலம் என்று இருந்து, முனுசாமியின் மூத்த மகன் பெயரும் அருணாசலம் என்றால் நல்ல துணைச்சான்று. தனியாக அது போதாது. குலதெய்வத்தையும் கேளுங்கள், கூட வந்தவர்களின் வாரிசுகளிடமும் கேளுங்கள். ஊர் பெயரை மறந்த குடும்பங்கள்கூடச் சில நேரம் குலசாமியின் பெயரை மறப்பதில்லை.

இன்னும் சில இடறல்கள். குடும்பப் பெயரை நம்பிப் போகாதீர்கள்: கவுண்டர் கோவெண்டர் ஆனது, முதலியார் மூட்லி ஆனது, தகப்பன் பெயரே பிள்ளைக்குக் குடும்பப் பெயராகப் பதிந்ததும் உண்டு. உம்லாசி, பொங்கோலா போன்ற கப்பல்கள் பல நடை போனவை, ஆகவே கப்பல் பெயரோடு வந்திறங்கிய தேதியும் வேண்டும். 1866 முதல் 1874 வரை ஆள் அனுப்புவது நின்றிருந்தது. வீட்டுக் கதை அந்த ஆண்டுகளைச் சொன்னால் தேதி தவறு, அல்லது அவர் சொந்தச் செலவில் போனவர், ஒப்பந்தப் பட்டியலில் இருக்கமாட்டார். ஊருக்குத் திரும்பி வந்து மறுபடி ஒப்பந்தத்தில் போனவருக்கு இரண்டு எண் இருக்கும்.

வட ஆற்காடு என்றதும் வேலூரோடு நின்றுவிடாதீர்கள். போளூரும் வந்தவாசியும் இன்று திருவண்ணாமலை மாவட்டம். சித்தூர் தாலுகாவும் 1911 வரை வட ஆற்காடுதான், இன்று ஆந்திராவில். கிராமப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்காமல், ஆங்கிலேய எழுத்தர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். புதூர், நல்லூர் போன்ற பெயராக இருந்தால் தாலுகா இல்லாமல் ஊரைத் தீர்மானிக்கக் கூடாது. அவர் வரியில் தாலுகா விட்டுப்போயிருந்தால், அதே கிராமப் பெயரோடு பக்கத்து எண்களில் இருப்பவர்களின் வரியில் அது இருக்கலாம்.