மண்டலத்துக்குள் போனால் சுங்கம் இல்லை. சாயத் தண்ணீர் எங்கே போகும்?

கேள்வி: திருப்பூரில் அறுபது மெஷின் போட்டு டி-சர்ட் தைத்து ஏற்றுமதி செய்கிறோம். தாம்பரத்தில் மெப்ஸ் என்ற சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இடம் பார்த்திருக்கிறோம். போனதும் சிறிய அளவில் சாயமும் போடலாம் என்று எண்ணம். ‘அது வெளிநாட்டு மண் மாதிரி, மாசு வாரியத் தொல்லையே இருக்காது’ என்கிறார் நண்பர். ஐரோப்பாவில் வாங்குபவரோ கார்பன் கணக்குக் கேட்கிறார். எதில் முதலில் பணம் போடுவது?

பதில்: நண்பர் சொன்னதில் பாதிதான் சரி. சிறப்புப் பொருளாதார மண்டலத்தைச் சுங்க எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கருத வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பாவனை வரிக்குத்தான். 1974-இன் நீர்ச் சட்டமும் 1981-இன் காற்றுச் சட்டமும் மதில் சுவருக்கு உள்ளேயும் செல்லும். மண்டல வளர்ச்சி ஆணையரின் அனுமதிக் கடிதம் கையில் இருந்தாலும், கட்டுவதற்கு முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். ஓட்டுவதற்கு முன் இன்னொன்று.

வெறும் தையல் என்றால் இதெல்லாம் பெரிய வேலையில்லை. சாயம் சேர்த்ததும் நீங்கள் ‘சிவப்பு’ வகைக்கு, அதாவது மாசு அதிகம் தரும் தொழில்களின் பட்டியலுக்கு, போய்விடுவீர்கள். நொய்யல் கரைக்காரர் உங்களுக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, தைக்கத் துணி இல்லாமல் தையல் கம்பெனிகளும்தானே திண்டாடின? அதற்கப்புறம் அங்கே சொட்டுத் தண்ணீர்கூட வெளியே விடக்கூடாது என்பதே நடைமுறை. ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டியில் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தை ஆவியாக்கி, உப்பை அள்ள வேண்டும். அந்த ஆவியாக்கி நீராவியைக் குடித்துத் தீர்க்கும்; நீராவிக்கு விறகோ நிலக்கரியோ எரிக்க வேண்டும். ஆறு தப்பிக்கிறது, ஆனால் உங்கள் கார்பன் கணக்கு ஏறுகிறது. சிறிய அளவுக்கு இது கட்டுப்படியாகாது. சாயத்தைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்த பட்டறையிடமே விட்டுவிடுங்கள் என்பேன். உரிய அனுமதி வாங்கி மண்டலத்துக்கு வெளியே ஜாப் ஒர்க் கொடுக்க விதிகளில் இடமிருக்கிறது.

சரி, பணம். எல்லோரும் முதலில் கூரையில் சோலார் போடுகிறார்கள், போட்டோவுக்கு அழகாக இருக்கும். நான் மெஷின்களுக்கு அழுத்தக் காற்று தரும் கம்ப்ரஸரின் அறையில் தொடங்குவேன். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்துபோனதும் கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டு, கையில் கடிகாரத்தோடு நில்லுங்கள். ஒரு மெஷினும் காற்றை எடுக்காத அந்த நேரத்தில், எத்தனை நிமிடம் லோடில் (காற்றை அழுத்தி) ஓடுகிறது, எத்தனை நிமிடம் அன்லோடில் (அழுத்தாமல்) நிற்கிறது என்று குறியுங்கள். ஒரு நிமிடம் ஓடி நான்கு நிமிடம் நின்றால், கம்ப்ரஸரின் திறனில் ஐந்தில் ஒரு பங்கு ஓட்டை வழியாகப் போகிறது என்று பொருள். பராமரிப்பில்லாத இடங்களில் இதைவிட மோசமாகவும் பார்க்கலாம். சோப்பு நுரையைத் தடவினால் எந்த ஜாயின்ட் என்று தெரிந்துவிடும். செலவு? டேப்பும் கிளிப்பும்தான்.

அடுத்தது அயர்னிங் டேபிள். அங்கே நீராவி குளிர்ந்து வரும் சுடுதண்ணீரைச் சாக்கடையில் விடாமல் பாய்லருக்கே திருப்புங்கள். பாய்லருக்குள் போகும் தண்ணீரின் சூடு 6 டிகிரி கூடினால் எரிபொருள் ஏறத்தாழ 1 சதவீதம் மிச்சம். இரண்டையும் முடித்துவிட்டு சோலாருக்குப் போனால், சிறிய சோலாரே போதும் என்று தெரியவரும்.

இன்னொரு விஷயம், பலரும் கடைசியில்தான் விழித்துக்கொள்வார்கள்: கட்டிங் வேஸ்ட். திருப்பூரில் மூட்டை கட்டி வாசலில் வைத்தால் வண்டி வந்து எடுத்துப்போகும். மண்டலத்திலிருந்து உள்நாட்டுக்குப் போகும் சரக்கு இறக்குமதி மாதிரி. கழிவுத் துணிக்கும் கணக்கு, சுங்க வரி உண்டு. ஆகவே மார்க்கர் (வெட்டும் துண்டுகளைத் துணியில் அடுக்கும் வரைபடம்) போடும்போதே துணி வீணாகாமல் நெருக்கி அடுக்குங்கள்.

கார்பன் கணக்கைப் பற்றி ஒரு ஆறுதல். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரியில் முழுமையாக அமலுக்கு வந்தபோது இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவைதான் பட்டியலில் இருந்தன, ஆடை இல்லை. உங்களிடம் கேட்பவர் தன் கணக்குக்காகக் கேட்கிறார். பன்னிரண்டு மாத மின் கட்டண ரசீது, ஜெனரேட்டர் டீசல், பாய்லர் விறகு, மாதம் எத்தனை பீஸ் ஏற்றினீர்கள் என்பது — இவை நான்கையும் ஒரே தாளில் எழுதி அனுப்புங்கள். முதல் கடிதத்துக்கு அது போதும்.