பூகோளம் படித்தால் என்ன வேலை என்று கேட்ட அப்பாவுக்கு

ஐயா, வணக்கம்.

சனிக்கிழமை நீங்களும் மகளும் வந்துபோன பிறகு, உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில்தான் சொன்னேன் என்று மனம் உறுத்திக்கொண்டே இருந்தது. வேளாண் பட்டப்படிப்புக்கு கட்-ஆஃப் எட்டவில்லை. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. புவியியலில் இடம் கிடைத்திருக்கிறது. "பூகோளம் படித்தால் வாத்தியார் வேலையை விட்டால் வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்டீர்கள். மகள் தலை நிமிரவே இல்லை.

அன்று நீங்கள் பேச்சோடு பேச்சாகச் சொன்ன ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டை ஒட்டிய ஒன்றரை ஏக்கரில் தக்காளி, கத்தரி. ஓடைக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளம். ஏன் அப்படி என்று கேட்டேன். "கத்தரியைத் தினமும் போய்ப் பார்க்க வேண்டும். சோளம் விதைத்துவிட்டால் அதுபாட்டுக்கு வளரும்" என்றீர்கள். ஜெர்மனியின் மெக்லன்பர்க் பகுதியில் சொந்தப் பண்ணை நடத்திய ஃபான் தியூனன் என்பவர் 1826-இல் இதே கணக்கை ஒரு நகரத்தைச் சுற்றிப் போட்டுப் பார்த்தார். நகரத்துக்குப் பக்கத்தில் பாலும் காய்கறியும், அடுத்த வட்டத்தில் விறகுக் காடு, அதற்கப்பால் தானியம், கடைசியில் மேய்ச்சல் நிலம். அழுகும் பொருள் தூரம் தாங்காது. விறகு கனம், வண்டிக்கூலி கட்டாது. லாரியும் தார்ச்சாலையும் வந்தபின் அந்த வட்டங்கள் குலைந்துவிட்டன. ஒட்டன்சத்திரம் சந்தைக் காய் இரவோடு இரவாகக் கேரளத்துக்குப் போய்விடுகிறது. இப்போது தூரத்தைக் கிலோமீட்டரில் பார்ப்பதைவிட மணிக்கணக்கில் பார்ப்பதுதான் சரி. உங்கள் அனுபவத்தில் இருக்கிற இந்தக் கணக்கு, ஐ.ஏ.எஸ். போன்ற பணிகளுக்கான குடிமைப் பணித் தேர்வின் புவியியல் விருப்பப் பாடத்தில் இடம்பெற்றிருக்கிறது. இரண்டு தாள், 500 மதிப்பெண், தமிழிலும் எழுதலாம்.

ஆனால் நான் இந்தப் படிப்பைப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் தேர்வு அல்ல. தரிசு.

நம் நாட்டு நிலப் பயன்பாட்டுக் கணக்கில் ஒன்பது வகை உண்டு. அதில் தரிசே இரண்டு வகை. இந்த ஆண்டு மட்டும் பயிரிடாமல் விட்டது நடப்புத் தரிசு. ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை விட்டது வேறு தரிசு. அதற்கும் மேல் போனால் சாகுபடிக்குத் தகுதியிருந்தும் பயிரிடாத நிலம் என்று வேறு வரிசைக்குப் போய்விடும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒரு முறை உங்கள் வயல்காட்டையும் படம் பிடிக்கின்றன. 10 மீட்டருக்கு 10 மீட்டர் ஒரு புள்ளி. எது பச்சை, எது வெறுமை என்று அந்தப் படம் சொல்லும். ஏன் வெறுமை என்று சொல்லாது. கிணறு வற்றியதா, மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டானா, பங்காளித் தகராறா, மனைப்பிரிவு போடக் காத்திருக்கிறார்களா? இதை ஊருக்குள் போய்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்கத் தெரிந்தவர்தான் கண்டுபிடிக்க முடியும். உங்கள் மகளுக்கு அது தெரியும். பக்கத்துக் காடு ஏன் நான்கு வருடமாகச் சும்மா கிடக்கிறது என்று அன்று எனக்கு விளக்கியது அவள்தான். அந்தப் பத்து நிமிடம் மட்டும் அவள் குரலில் தயக்கமே இல்லை.

படத்தையும் காரணத்தையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. பயிர்க் காப்பீட்டில் எந்த ஊரில் எத்தனை ஏக்கர் என்ன பயிர் என்று மதிப்பிட ஆள் வேண்டும். நகரமைப்புத் திட்டங்களில் எது விவசாய மண்டலம், எது குடியிருப்பு என்று பிரிக்க வேண்டும். புவியியலில் முதுநிலை முடித்தவர்களை நகரமைப்பு முதுநிலைப் படிப்பில் பல நிறுவனங்கள் சேர்த்துக்கொள்கின்றன. மழைநீர் வடிந்து சேரும் பரப்பைப் பேணும் நீர்வடிப்பகுதித் திட்டங்கள், வரைபட நிறுவனங்கள், ஆராய்ச்சி என்று இன்னும் உண்டு. ஆசிரியர் பணியும் மதிப்புக் குறைந்ததில்லை, ஐயா.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெறும் பட்டச் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தால் கஷ்டம்தான். அப்படி வந்து என் முன்னால் கலங்கி உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முதலாண்டிலேயே கணினியில் வரைபடம் போடப் பழக வேண்டும். அதற்கான கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். இஸ்ரோவின் புவன் இணையதளத்தில் நிலப் பயன்பாட்டு வரைபடங்களைப் பார்க்கலாம். செயற்கைக்கோள் படங்களைப் படிக்கக் கற்றுத்தரும், டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் கட்டணமில்லாப் பயிற்சி நடத்துகிறது. கொஞ்சம் புள்ளியியலும், தயங்காமல் எழுதும் அளவுக்கு ஆங்கிலமும் வேண்டும். மடிக்கணினிக்குச் செலவாகும், பழையது வாங்கினாலும் போதும், நகையை அடகு வைக்க வேண்டாம்.

கல்லூரி திறப்பதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் புல எண்ணின் அடங்கல் நகலையும் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கு) புலப்படத்தையும் (நிலத்தின் எல்லை வரைபடம்) எடுத்துக்கொண்டு, ஒரு காலை நேரத்தில் அவளோடு ஓடை வரை நடந்து போங்கள். ஒவ்வொரு வயலிலும் முன்பு என்ன விளைந்தது, எந்த வருடம் மாறியது, யார் விட்டுப் போனார்கள் என்று சொல்லுங்கள். அவள் குறித்துக்கொள்ளட்டும். அடங்கலில் ஒன்றும் நிலத்தில் வேறொன்றும் இருந்தால் அதையும் எழுதட்டும். அந்த நோட்டை அடுத்த முறை வரும்போது எடுத்து வரச் சொல்லுங்கள். நான் பார்க்க வேண்டும்.