பாலம் ஏறினால் பத்தே நிமிடம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாங்கள் பொன்மேனியில் 12,000 ரூபாய் வாடகையில் குடியிருக்கிறோம். கணவருக்குக் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை. நான் கோரிப்பாளையம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். ஷிப்ட் மாறி மாறி வரும். மதிய டூட்டி முடிந்து வெளியே வர ராத்திரி எட்டரை ஆகிவிடும். மாமியாருக்கு 68 வயது, முழங்கால் வலி. பெண் ஒன்பதாவது படிக்கிறாள், பையன் ஐந்தாவது. கையில் 18 லட்சம் இருக்கிறது, மீதிக்கு லோன்தான்.

இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறோம். நத்தம் ரோட்டில் ஊமச்சிகுளம் தாண்டி மூன்றரை சென்ட் மனை, சென்ட் 6 லட்சம். “பாலம் ஏறினால் பத்தே நிமிடம்” என்கிறார் புரோக்கர். அதில் 900 சதுர அடிக்கு வீடு கட்ட வேண்டும் என்பது கணவரின் ஆசை. இன்னொன்று நரிமேட்டில் 1998-ல் கட்டிய அடுக்ககத்தில் இரண்டாவது மாடி, 850 சதுர அடி, லிஃப்ட் கிடையாது, 42 லட்சம். “ஃப்ளாட்டில் மண் நமக்குச் சொந்தமில்லையே” என்கிறார் கணவர். வீட்டில் தினமும் இதே பேச்சுத்தான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ர., மதுரை

அன்புள்ள ர. அவர்களுக்கு,

முதலில் அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்துவிடுவோம். 2023 ஏப்ரலில் திறந்த நத்தம் ரோடு பாலம் 7.3 கிலோமீட்டர். நல்ல பாலம், சந்தேகமில்லை. புரோக்கர் சொல்கிற பத்து நிமிடம் அந்தப் பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு. உங்கள் மனையிலிருந்து மெயின் ரோட்டுக்கு வருவதும், பாலம் இறங்கியபின் தல்லாகுளம் நெரிசலைத் தாண்டிக் கோரிப்பாளையம் சேர்வதும் அதில் இல்லை. பஸ் நிறுத்தங்கள் எல்லாம் பாலத்துக்குக் கீழே இருக்கின்றன. ஆள் ஏற்றி இறக்கிப் போகிற டவுன் பஸ் திருப்பாலை, அய்யர் பங்களா என்று கீழேயே நின்று நின்றுதான் போகவேண்டும். வண்டி ஓட்டுகிறவருக்குத்தான் அந்தப் பாலம். உங்கள் மாமியாருக்கும் பெண்ணுக்கும் அது இல்லை.

தூரத்தை எப்போதும் வீட்டில் வண்டி ஓட்டத் தெரியாதவரை வைத்துத்தான் அளக்க வேண்டும். புறநகரில் வீடு கட்டித் திண்டாடுகிறவர்களில் பெரும்பாலோர் குடும்பத் தலைவரின் பைக்கை வைத்துக் கணக்குப் போட்டவர்கள். பெண்ணுக்கு டியூஷன், பாட்டிக்குப் பிசியோதெரபி, இரவு பத்து மணிக்குப் பையனுக்குக் காய்ச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே வண்டியும் ஒரே ஆளும் ஓடவேண்டி வரும்.

உங்கள் கணவர் தினமும் போகவேண்டியது கப்பலூர். நீங்கள் பார்த்த மனை ஊருக்கு வடக்கே, கப்பலூர் தெற்கே. ஊரைக் குறுக்கே கடந்து போக வர 55 கிலோமீட்டருக்குக் குறையாது. மாதம் 25 நாள் என்றால் 1,400 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கிற பைக்குக்கு 28 லிட்டர் பெட்ரோல், ஏறக்குறைய 2,900 ரூபாய். பணத்தைக்கூடத் தாங்கிவிடலாம். தினமும் இரண்டரை மணி நேரம் ரோட்டில் கழிப்பதை நாற்பது வயதுக்கு மேல் உடம்பு தாங்காது. ரிங் ரோடு வழியாகப் போகலாம் என்பார் அவர். இருட்டியபின் அந்த ரோட்டில் லாரிகளுக்கு நடுவே இருசக்கர வண்டியில் போவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அடுத்தது காசு. மனை 21 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அது 1.89 லட்சம். வழிகாட்டி மதிப்பு, கிரயத் தொகை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் இது. 900 சதுர அடிக்குச் சதுர அடி 2,400 வைத்தால் 21.6 லட்சம். இதுவரை 44.5 லட்சம் ஆகிவிட்டது. மேஸ்திரி சொல்லும் சதுர அடி ரேட்டில் போர், மோட்டார், சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டுச் சுவர், கேட், மண் நிரப்புவது, கரண்ட் இணைப்பு எதுவும் பெரும்பாலும் சேராது. அதற்கு ஆறு லட்சமாவது ஒதுக்குங்கள். கட்டி முடிக்க ஒன்பது மாதம் ஆனால் அத்தனை மாதமும் வாடகையும் லோன் வட்டியும் சேர்ந்தே போகும், வாடகை மட்டும் 1.08 லட்சம். ஆக 51 லட்சத்தைத் தாண்டுகிறது. நரிமேட்டு வீட்டுக்கு 42-உம் பதிவுச் செலவு 3.78-உம் சேர்ந்து 45.78. பெயிண்ட், குழாய் வேலைக்கு இரண்டு லட்சம் போட்டாலும் 48-க்குள் நிற்கும். ‘ஒதுக்குப்புறம் மலிவு’ என்று நினைத்துத்தான் பார்க்கப் போயிருப்பீர்கள். மண்தான் மலிவு, வீடு இல்லை.

மண் நிரப்புவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பலர் ஏமாறுகிற இடம் அது. மூன்றரை சென்ட் என்பது 1,525 சதுர அடி. ரோட்டைவிட மனை தாழ்ந்திருந்து மூன்று அடி உயர்த்த வேண்டுமானால் 4,575 கன அடி, அதாவது 46 யூனிட். போட்ட மண் தண்ணீர் விட்டு அமுக்கியதும் இறங்கும். அதையும் சேர்த்தால் 55 யூனிட். டிப்பருக்கு மூன்று யூனிட் என்றால் 18 லோடு. அஸ்திவாரத்தை அந்தப் புது மண்ணில் நிறுத்தக்கூடாது, அதைத் தாண்டிப் பழைய கெட்டித் தரைக்குப் போகவேண்டும். ஆக மூன்று அடி நிரப்பினால் அஸ்திவாரச் சுவரும் மூன்று அடி கூடும். இதை மேஸ்திரி கடைசியில்தான் சொல்வார்.

மனை ஏன் தாழ்ந்திருக்கிறது என்று பெயரிலேயே விடை இருக்கும். நம் ஊரைச் சுற்றி ஏந்தல், குளம், ஏரி, ஊரணி என்று முடிகிற இடங்களைப் பாருங்கள்: கடச்சனேந்தல், கோசாகுளம், உலகனேரி, ஊமச்சிகுளம். ஏந்தல் என்றாலே சிறிய ஏரி. அங்கே எல்லா இடமும் கண்மாய்க்குள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனால் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற ஓடை எந்தப் பக்கம், நிறைந்த தண்ணீர் வெளியேறுகிற மறுகால் எந்தப் பக்கம் என்று கேட்காமல் அந்தப் பகுதியில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். புல வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, சுற்றியிருக்கிற நான்கைந்து எண்களையும் பாருங்கள். ஓடையோ வாய்க்காலோ பக்கத்து எண்ணில் வந்து நின்று உங்கள் லேஅவுட்டில் காணாமல் போனால், ப்ளான் போட்டவர் அதை மூடியிருக்கிறார். தண்ணீருக்கு அது தெரியாது, மழைக்கு அது பழைய வழியில்தான் வரும். ஊருக்குள் இருந்தால் வெள்ளம் வராது என்றும் நினைக்க வேண்டாம். 2024 அக்டோபரில் பந்தல்குடி வாய்க்கால் நிறைந்து செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். நரிமேட்டிலும் அந்தத் தெருவில் அன்றைக்குத் தண்ணீர் எதுவரை நின்றது என்று எதிர்வீட்டில் கேளுங்கள், விற்கிறவரிடம் கேட்காதீர்கள்.

பத்திர விஷயத்தில் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம். வேளாண் நிலத்தைப் பிரித்து மனை போட அனுமதிக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அங்கீகாரமில்லாத மனைகளை 2017-ல் வந்த திட்டத்தில் வரன்முறை செய்தார்கள். அது மனைக்குக் கிடைத்த அனுமதி. முன்னால் இருக்கிற ரோடு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் ஆகியிருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஆகாவிட்டால் தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் வருடக்கணக்கில் அலைய வேண்டும். எட்டு மனைக்கு மேலோ 500 சதுர மீட்டருக்கு மேலோ போகிற லேஅவுட், மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ரேராவில் பதிவாகியிருக்க வேண்டும். 30 வருட வில்லங்கம், பட்டா, கிராம நிலங்களின் மூலக் கணக்கான ஏ-பதிவேடு இம்மூன்றும் ஒரே பெயரைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். மதுரையைச் சுற்றிக் கோவில் இனாம் நிலம் ஏராளம், ஏ-பதிவேட்டைப் பார்க்காமல் அது பிடிபடாது. எல்லாம் சரியாக இருந்தால் கட்டட அனுமதி இன்று பெரிய வேலையே இல்லை. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் மாடியும் கட்ட, 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது.

தண்ணீருக்கு ஒரு சோதனை. மனைக்குப் பக்கத்தில் ஐந்து வருடமாகக் குடியிருக்கிற வீட்டுக்குப் போய், அவர்கள் அனுமதித்தால் பாத்ரூம் குழாயைப் பாருங்கள். வாய் ஓரத்தில் வெள்ளையாக, சுண்ணாம்பு அப்பினாற்போல் கெட்டிப்பட்டிருக்கிறதா? ஷவர் துளைகளில் பாதி அடைத்துப் போயிருக்கிறதா? பக்கெட்டின் உள்பக்கத்தை விரலால் தேய்த்தால் சொரசொரவென்று இருக்கிறதா? ஆய்வுக்கூட அறிக்கைக்கு முன்னால் இதுவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பிறகு இரண்டு லிட்டர் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. கடினத்தன்மைக்கு அதே கணக்கு 200, 600. போர் எத்தனை அடி என்று மட்டும் கேட்டு வராதீர்கள். சித்திரை, வைகாசியில் எத்தனை நிமிடம் ஓடி மோட்டார் காற்றிழுக்கிறது என்று கேளுங்கள். ஐந்து பேருக்குத் தலைக்கு 135 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 675. நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற இடத்தில் 2,700 லிட்டர் சேமிக்க வேண்டும், அதற்கு 5க்கு 5, ஆழம் 4 அடி சம்ப் சரியாக இருக்கும்.

பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் செப்டிக் டேங்குக்கும் போருக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும். மூன்றரை சென்ட்டில் உங்கள் டேங்கையே அவ்வளவு தள்ள இடம் தேடவேண்டும். பின்வீட்டுக்காரர் தன் டேங்கை உங்கள் சுவரை ஒட்டிப் போட்டால் ஒன்றும் செய்ய முடியாது. சிறு மனைகள் நெருங்கிய லேஅவுட்டில் போர்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

நரிமேட்டு வீட்டுக்கு வருகிறேன். ‘மண் நமக்கில்லை’ என்று உங்கள் கணவர் சொல்வது சரியில்லை. பிரிபடாத பாகம் என்று பத்திரத்தில் எத்தனை சதுர அடி எழுதியிருக்கிறதோ அது உங்கள் மண். 850 சதுர அடி வீட்டுக்கு அது எவ்வளவு என்று முதலில் பாருங்கள், வண்டி நிறுத்துமிடமும் பத்திரத்தில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். 1998 கட்டடம் என்பதால், உங்கள் வீட்டைவிட முக்கியமாகக் கீழ்வீட்டு பாத்ரூம் கூரையைப் பார்க்கவேண்டும். உங்கள் குழாய் கசிவது அங்கேதான் தெரியும். கம்பி ஓடுகிற கோட்டில் துருப்பிடித்த பழுப்புக் கறை, சன்ஷேடின் அடியில் பூச்சு பிதுங்கல், நாணயத்தால் தட்டினால் வெற்றுச் சத்தம் இவை இருந்தால் கம்பி துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது என்று பொருள். மேலே பூசி மறைத்தால் மூன்று வருடத்தில் மறுபடி விழும். ஆனால் உங்களுக்கு அந்த வீட்டில் பெரிய தடை கம்பி இல்லை, படிதான். முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறுகிறவர் ஆறு மாதத்தில் கீழே இறங்குவதையே நிறுத்திவிடுவார். அதே தெருவில் தரைத்தளமோ முதல் மாடியோ கிடைத்தால் வாங்கச் சொல்லுவேன். இதை வாங்கச் சொல்லமாட்டேன்.

ஆக இரண்டையும் விடச் சொல்கிறேன். நீங்கள் இப்போது குடியிருக்கிற பொன்மேனிதான் உங்கள் இருவர் வேலைக்கும் நடுவில் இருக்கிறது. கப்பலூருக்கு ஊருக்குள் நுழையாமலே பைபாஸ் பிடிக்கலாம், கோரிப்பாளையம் ஆறு கிலோமீட்டருக்குள். பொன்மேனி, எஸ்.எஸ். காலனி, பழங்காநத்தம், டி.வி.எஸ். நகர், பசுமலை வரை இந்தக் கோட்டிலேயே தேடுங்கள். பசுமலைக்கு அப்பால் திருநகர், ஹார்விப்பட்டி 2011-ல்தான் மாநகராட்சிக்குள் வந்தவை. அங்கே தெருவுக்குத் தெரு குழாயும் சாக்கடையும் வேறுபடும், ஆனால் திருமங்கலம் ரோட்டு பஸ் நாள் முழுக்க உண்டு. ஒன்றரை, இரண்டு சென்ட் பழைய தனிவீடு என்றால் பொதுச்சுவரா, கூட்டுப்பட்டாவா, முன்னால் சந்து எத்தனை அடி என்று பாருங்கள். ஆம்புலன்ஸ் நுழையாத சந்தில் வயதானவரை வைத்துக்கொண்டு வாங்க வேண்டாம். மாசி வீதிப் பக்கம் பழைய வீடு மலிவாக வந்தால் மாடிமேல் மாடி எழுப்பி வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்ட முடியாது.

ஊருக்கு வெளியே போவதே தப்பு என்று சொல்லவில்லை. ஒத்தக்கடையிலோ ஹைகோர்ட்டிலோ வேலை பார்ப்பவர் அந்தப் பக்கம் மனை வாங்குவது புத்திசாலித்தனம். உங்கள் கணவருக்கு மண் மீது ஆசை இருந்தால், பத்து வருடம் கழித்துக் கட்டுவதற்கென்று தெற்கே, அவர் போகிற ரோட்டில் வாங்கட்டும். திருமங்கலம் பக்கம் கரிசல் மண் உண்டு, காய்ந்தால் சுருங்கி வெடிக்கிற மண். வெயில் காலத்தில் போய்த் தரை வெடிப்புக்குள் கை நுழைகிறதா என்று பார்த்துவிட்டு, அஸ்திவாரச் செலவைக் கூட்டிக் கணக்குப் போடட்டும். ‘வரப்போகிறது’ என்கிற எதற்கும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள், கட்டட வேலை 2024-ல்தான் தொடங்கியது. திருமங்கலம்–ஒத்தக்கடை மெட்ரோவை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது.

அப்படியும் அவர் மனம் ஊமச்சிகுளத்திலேயே நின்றால் ஒன்று செய்யுங்கள். மதிய டூட்டி முடிகிற ஒரு நாள், எட்டரைக்கு நீங்கள் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பஸ் ஏறி அந்த மனைக்குப் போங்கள். அவர் கப்பலூரிலிருந்து நேராக அங்கே வரட்டும். பஸ்ஸை விட்டு இறங்கி மனை வரை நடந்தே போங்கள், விளக்கு எத்தனை எரிகிறது என்று எண்ணிக்கொண்டு. இருவரும் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தீர்கள் என்று குறித்துக்கொண்டு அட்வான்ஸைப் பற்றி அங்கே நின்றே பேசுங்கள்.