கல்லூரிப் படிவத்தில் ஒரு கையெழுத்து

கேள்வி: பதினேழு வயதாகும் என் மகள் இந்த ஆண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். ஆதார் நகலும், மாணவர்களுக்கான தனி அடையாள எண்ணான 'அபார்' எண்ணுக்கான ஒப்புதல் படிவமும் கொடுத்தால்தான் சேர்க்கை உறுதியாகும் என்கிறார்கள். மாணவர்களிடம் அரசு விவரம் கேட்பதற்குச் சட்டத்தில் எல்லையே கிடையாதா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: எல்லை உண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென ஒருமனதாக அறிவித்தது. அதன்படி, அரசு ஒருவரின் விவரங்களைக் கட்டாயப்படுத்திப் பெற வேண்டுமானால் அதற்கொரு சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் நியாயமானதாக இருக்க வேண்டும், கேட்பது அந்த நோக்கத்தின் தேவைக்கு மிஞ்சாமலும் இருக்க வேண்டும். வெறும் சுற்றறிக்கை சட்டமாகிவிடாது.

மறு ஆண்டு வந்த ஆதார் தீர்ப்பு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. அரசு நிதியிலிருந்து கிடைக்கும் நலத்திட்டப் பயன்களுக்கு ஆதார் கேட்க இடமளிக்கும் ஆதார் சட்டத்தின் 7-ஆம் பிரிவை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது; ஆனால் சி.பி.எஸ்.இ., நீட், ஜே.இ.இ., பல்கலைக்கழக மானியக் குழு முதலியவை அந்தப் பிரிவுக்குள் வராததால் ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று தெளிவாகச் சொன்னது. ஆகவே உதவித்தொகை விண்ணப்பத்துக்கு ஆதார் கேட்பது வேறு, அது இல்லையென்று சேர்க்கையையே நிறுத்தி வைப்பது வேறு. பட்டச் சான்றிதழில் ஆதார் எண்ணை அச்சிடக் கூடாது என்று 2023-இல் மானியக் குழுவே பல்கலைக்கழகங்களுக்கு எழுத வேண்டியிருந்தது.

'அபார்' விருப்பத்தின் பேரிலானது என்பதே மத்திய அரசின் நிலைப்பாடு. அந்தப் படிவத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள்: மனமுவந்து சம்மதிப்பதாகவும், சம்மதத்தைப் பின்னர் திரும்பப் பெறலாம் என்பதை அறிவதாகவும் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். சேர்க்கை போய்விடுமோ என்ற பயத்தில் போடும் கையெழுத்து எப்படி மனமுவந்ததாகும்? திரும்பப் பெற்றாலும் அதுவரை கையாளப்பட்ட விவரங்களை அது பாதிக்காது என்றும் அதே படிவம் சொல்வதால், முதலிலேயே யோசித்து முடிவெடுப்பது நல்லது.

எனக்குக் கவலை தருவது 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் தரவுக்குப் பெற்றோரின் சம்மதத்தைக் கோரும் அச்சட்டமே, அரசு அமைப்புகளுக்கு நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் காட்டி அறிவிக்கை மூலம் அச்சட்டத்திலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தையும் மத்திய அரசிடம் கொடுத்திருக்கிறது. இவ்வளவு அகலமான கதவைத் திறந்து வைத்திருக்கக் கூடாது.

சம்மதம் தர விருப்பமில்லையெனில், அதை எழுதி முதல்வரிடம் கொடுங்கள். எந்தச் சட்டத்தின் கீழ் இது கட்டாயம் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். ஒப்புகை பெற்ற நகலைக் கட்டண ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.